சாணிக்கு எல்லைக்கல் போட்ட ஊர்

மேல்முகடு என்று ஒரு மலையூர். அந்த நகராட்சிக்கு அறிவு அதிகமாகிவிட்டது என்று இதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை.

அங்கே ஒரு பொதுக் குளியலறை. அதைப் பார்த்துக்கொண்டவர் சவரிராயன். பனிக்காலத்தில் அவர் முழங்கால் மடங்கினால் நீளாது, நீண்டால் மடங்காது. வெந்நீர் ஊற்றினால்தான் வழிக்கு வரும். வெந்நீருக்கு விறகு மலைக்குக் கீழே இருக்கும் பக்கத்து ஊரான கீழ்முகட்டிலிருந்து லாரியில் வரும். கூடவே கீழ்முகட்டு மச்சான் ஞானப்பிரகாசத்தின் பேச்சும் வரும்.

"எங்க விறகு இல்லேன்னா உங்க ஊரே அழுக்கோடதான் அலையணும், மச்சான்!"

இருபது வருஷமாக இதைக் கேட்டுச் சவரிராயனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் அடுப்பு பற்றவைக்க முடியாது என்பதுதான் குறை.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி சாண எரிவாயுக் குழி வெட்டியது. விறகு லாரியை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். சவரிராயன் மச்சானிடம் சவால் விட்டார்: "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வா. எங்க ஊர்ச் சாணியில காய்ச்சின தண்ணியில நான் குளிக்கிறதைப் பாரு!"

குழி கட்டிய இன்ஜினியர் போகும்போது இரண்டே வார்த்தை சொன்னார். "உங்க ஊர்ல கிடைக்கிறதை வச்சே சூடு பண்ணுங்க, வெளியூரை நம்பாதீங்க. குழியைக் குளிர விடாதீங்க, உள்ள இருக்கிற நுண்ணுயிர் செத்துடும்." பாவம், மனுஷன் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொல்லிவிட்டார்.

மறுநாளே அவசரக் கூட்டம். மாடுகள் மேய்வது கீழ்முகட்டுச் சரிவில். அப்படியானால் சாணி யாருடையது?

"புல்லு அவங்களது," என்றார் சேர்மன் வெள்ளையப்பன், நெற்றியைச் சுருக்கி.

"வயிறு நம்மளது," என்றாள் ஏழாம் வார்டு ராக்காயி. "ஒரு ராத்திரி நம்மூர்ல தங்கிட்டா அது நம்மூர்ச் சாணிதான்."

"எல்லையில நிக்கும்போதே போட்டுட்டா?" என்று கேட்டார் சேர்மன்.

சபை கணக்குப் போட்டது. மாட்டின் தலை முதலில் உள்ளே வருகிறது, வால் கடைசியில்தான் வருகிறது. ஆபத்து வாலில்தான் இருக்கிறது. ஆகவே இனி மாடுகள் பின்பக்கமாக நடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

பின்னால் நடத்தும் வேலை சவரிராயன் தலையில் விழுந்தது. நொண்டிக் காலோடு நாற்பது மாடுகளைக் கொம்பைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு மாடு அவரையும் சேர்த்துத் தள்ளியது. மச்சான் முகத்தை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

ஒருவழியாக வாயு வந்தது, நீலமாக எரிந்தது. சவரிராயன் அண்டாவைத் தூக்கினார். சேர்மன் கையைப் பிடித்துவிட்டார்.

"அண்ணே, குழி குளிருதே!"

"எனக்கும்தான் குளிருது."

"நீங்க செத்தா வேற ஆள் போட்டுக்கலாம். நுண்ணுயிர் செத்தா வேற எங்க போறது?"

நியாயமான கேள்வி. குழாயைத் திருப்பிக் குழிக்கு அடியிலேயே எரியவிட்டார்கள். குழி தந்த வாயு முழுவதும் குழியையே சூடாக்கியது. போதாதென்று வீட்டுக்கு ஒரு கம்பளி வாங்கி மேலே போர்த்தினார்கள். சவரிராயன் கொடுத்தது அவரிடம் இருந்த ஒரே கம்பளி.

"நம்ம குழி இனி யாரையும் எதிர்பார்க்காது!" என்று சேர்மன் மைக்கில் அறிவித்தார். ஊரே நடுங்கிக்கொண்டு கைதட்டியது. நடுக்கத்தில் கை தானாகவே தட்டியது என்றும் சொல்லலாம்.

சொன்ன ஞாயிறு வந்தது. ஞானப்பிரகாசம் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு கேன், ஆவி பறக்கும் வெந்நீர்.

"உன் அடுப்பு லட்சணம் எனக்குத் தெரியும் மச்சான். வீட்டுல காய்ச்சிக் கொண்டாந்திருக்கேன். குளிச்சுத் தொலை."

சவரிராயனுக்கு அவமானம் ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். முழங்கால்தான் ஜெயித்தது. துண்டைக் கட்டிக்கொண்டு கேனைத் தொடப் போனார்.

"தொடாதீங்க!" என்று ஓடிவந்தார் சேர்மன். "வெளியூர்ச் சூடு!"

அங்கேயே கூட்டம் கூடியது. ராக்காயி மலையைக் கை காட்டினாள்.

"கீழ்முகட்டுத் தண்ணி நம்ம மலையிலேருந்து இறங்கினதுதானே? அப்போ தண்ணி நம்மளது. சூடு மட்டும்தான் அவங்களது."

"சரி, சூட்டை மட்டும் திருப்பி அனுப்பிடுவோம்," என்றார் சேர்மன்.

மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். ராக்காயி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலை விட்டு, "இன்னும் கொஞ்சம் கீழ்முகடு இருக்கு" என்றாள். மூன்று மணி நேரம் கழித்து விரலை விட்டவள் "ஐயோ!" என்று உதறினாள். "இப்போ சுத்தமா நம்மூர்!"

சவரிராயன் முதல் சொம்பை மொண்டு தலையில் ஊற்றினார். உதடு நீலமாயிற்று. முழங்கால் பூட்டிக்கொண்டது. ஆனாலும் மச்சானைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். இருபது வருஷப் பாக்கி ஆயிற்றே.

"பா... பா... பார்த்தியா மச்சான்? எ... எ... எங்க ஊர்க் குளிரு! ஒரு பொட்டு வெளியூர்க் கலப்பு இல்ல!"