ஆப்பக்காரியின் வலக்கை

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்தில் மூன்று வருஷம் மழை இல்லை. நெல் விளையவில்லை, எள் விளையவில்லை, சந்தையில் எல்லாம் விலை ஏறிப்போனது. அந்த நேரம் பார்த்து அந்தத் தேசத்து ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. தன் ஆட்சியில் எதுவுமே விலை ஏறியதில்லை என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டும்!

"வெட்டி வைத்துவிடலாம், மகாராஜா. விலையை ஏறவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் பொக்கிஷ மந்திரி சூரசேனர். ஆணையையும் அவரே எழுதினார். பொருளுக்கோ வேலைக்கோ போன வருஷத்தைவிட அதிகம் கேட்கிறவர் யாராயினும், அதைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர் யாராயினும், வலக்கை வெட்டப்படும்.

முதலில் அகப்பட்டவர் எண்ணெய்க்காரர் பொன்னையா. சந்தை நடுவில் ராஜாவின் கண் முன்னால் அவர் கை விழுந்தது. அரண்மனை விகடன் தாண்டவன் அப்போது ராஜாவுக்குப் பக்கத்தில்தான் நின்றான். ராஜாவைச் சிரிக்க வைத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியவன், அன்று பயத்தில் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சந்தையில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. ஆப்பக்காரி பூவாயி திறந்தாள். புருஷன் இல்லாதவள், அடுப்பு எரியாவிட்டால் வீட்டில் மூன்று பிள்ளைகள் பட்டினி. ஒரு காசுக்கு விற்ற ஆப்பத்தை இரண்டு காசு என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"அரிசி போன வருஷ விலைக்கா கெடைக்குது? தேங்கா கண்ணுலயே படல. மாவுல தண்ணிய ஊத்தி ஒரு காசுக்கே சுட்டுப் போடலாம். நாலு தின்னாலும் உங்களுக்குப் பசி அடங்காது. அப்படிக் குடுக்க எனக்கு மனசு வரலைங்க. வேண்டாம்னா போங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு காசைக் கொடுத்து வாங்கினார்கள். சூரசேனரின் ஆள் ஒருவன் காசே கொடுக்காமல் இரண்டு ஆப்பத்தைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்ச் சேதி சொன்னான்.

பூவாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். வெட்டுகிற வேலைக்காரன் வீரண்ணனும் கத்தியோடு வந்து நின்றான்.

தாண்டவன் எழுந்து கும்பிட்டான். "மகாராஜா, இந்தப் பெண்ணுக்காக அடியேன் பேசலாமா?"

இவன் மேல் ராஜா வைத்திருந்த பிரியம் சூரசேனருக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. "தாராளமாகப் பேசட்டும், மகாராஜா. ஆனால் மழை, பஞ்சம், அரிசி என்று சாக்குச் சொல்லக் கூடாது. அதில் ஒரு சொல் இவன் வாயில் வந்தாலும், அவள் கையோடு இவன் நாக்கும் போக வேண்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

தாண்டவன் ராஜாவிடம் பேசவில்லை. வீரண்ணனிடம் போனான். மடியிலிருந்து நான்கு பணத்தை எடுத்து நீட்டினான். "முன்கூலி கொடுக்காமல் உன்னிடம் வேலை வாங்கக் கூடாதல்லவா? இந்தா, ஒரு கைக்கு நான்கு பணம்."

வீரண்ணன் கை நீட்டவில்லை. "ஆறு பணம், சாமி. பொன்னையா கைக்கு ஆறுதான் குடுத்தாங்க."

"போன வருஷம் நான்குதானே? ஏன் ஏற்றினாய்?"

"நானா ஏத்துனேன்? வெட்டுன எடத்துல காய்ச்சி ஊத்துற எண்ணெய நான்தான் வாங்கணும். எண்ணெ விக்கிற வெல தெரியாதா? சாணை பிடிக்கிறவன் கூலி கூட்டிட்டான். மழையில்லாத ஊர்ல அரிசிக்கு நான் எங்க போவேன்? எனக்கும் புள்ளைங்க இருக்கு. நாலு பணத்துக்கு வெட்டச் சொன்னா மொன்னைக் கத்தியிலதான் வெட்டணும். பாவம், அந்தம்மா துடிச்சுப்போகும்."

ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. "அவன் சொல்வது நியாயந்தானே? எல்லாம் ஏறிக் கிடக்கும்போது இவன் மட்டும் என்ன செய்வான்? ஆறு பணத்தையே கொடு."

சூரசேனரின் முகம் வெளுத்தது. தாம் எழுதியது அவருக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது.

"கொடுக்கிறேன், மகாராஜா" என்றான் தாண்டவன். "ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்து வைக்க வேண்டும். அதிகம் கேட்டவன் வீரண்ணன். ஆணைப்படி இவன் வலக்கை முதலில் போக வேண்டும். தன் கையைத் தானே எப்படியோ வெட்டிக்கொள்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். பொன்னையா கைக்குப் பொக்கிஷத்திலிருந்து ஆறு பணம் எடுத்துக் கொடுத்தவர் மந்திரியார். அது இரண்டாவது கை. இன்றைக்கு ஆறு பணம் கொடுக்கச் சம்மதித்தவர்…"

"யார்?" என்றார் ராஜா.

"பெயரைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, மகாராஜா. ஆனால் ஆணையில் யாராயினும் என்றுதான் எழுதியிருக்கிறது."

ராஜா தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாண்டவன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சபையும் சிரித்தது. பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வலக்கையை முந்தானைக்குள் சுற்றி மறைத்திருந்தாள்.

"ஒரு சாக்கும் நீ சொல்லவில்லை. வெட்டுகிறவன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தாயே, அடே!" என்று ராஜா ஆணை ஓலையைக் கிழித்துப் போட்டார். சூரசேனரின் முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றி வாங்கினார். தாண்டவனுக்கு ஒரு பொன்முடிப்பு கொடுத்தார்.

"நீ போகலாம், அம்மா. இனி ஆப்பம் என்ன விலை?" என்று பூவாயியைக் கேட்டார்.

"ரெண்டு காசுதாங்க" என்றாள் அவள். "மழை பெஞ்சா கொறைச்சுடுவேன்."

அன்று மாலை தாண்டவன் பொன்முடிப்பை எடுத்துக்கொண்டு பொன்னையாவின் வீட்டுக்குப் போனான். செக்கு ஓடவில்லை. பொன்னையா வாசலில் உட்கார்ந்திருந்தார். சபையில் நடந்ததைச் சொன்னான். முடிப்பை நீட்டினான்.

"இதை அன்னிக்கே நான் செஞ்சிருக்கணும், ஐயா" என்றான்.

பொன்னையா எழுந்து நின்று முடிப்பை வாங்கிக்கொண்டார்.

"எடக்கையால வாங்குறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார்.