தேவாங்கின் தூக்கம் போன கதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் நம்மைப் போலப் பேசின, வம்பளந்தன, பொழுது சாய்ந்ததும் தூங்கின. தேவாங்கும் தூங்கியது. சொல்லப்போனால் எல்லோரையும்விட அதுதான் நன்றாகத் தூங்கியது. இடி விழுந்தாலும் எழாது.

மலைநாட்டு அரசனுக்கு ஒரு குறை. மற்ற நாட்டாரெல்லாம் புலி, மீன், வில் என்று இலச்சினை வைத்திருக்க, தன் கோட்டை வாசல் மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று. சிற்பி எயினியைக் கூப்பிட்டு, "யாரும் வைக்காத உருவமாகச் செய். அது கண் கொட்டாமல் நாட்டைக் காக்கவேண்டும்" என்றான். எயினிக்குத் தன் பட்டறைப் பலாமரத்தில் குடியிருந்த தேவாங்குதான் ஞாபகம் வந்தது. "என் மூஞ்சியா? கோட்டை வாசல்லயா?" என்று அதற்குத் தலைகால் புரியவில்லை.

உருவம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. கண் திறக்கும்போது சிலைக்கு எதிரே எந்த உயிரும் நிற்கக் கூடாது. செதுக்குகிறவளே பக்கத்தில் ஒதுங்கி நின்று, செப்புக் கண்ணாடியில் பார்த்துத்தான் உளியை வைப்பாள்.

"எதிரே வந்துடாதே. முதல் பார்வை யார் மேல விழுதோ, அவங்ககிட்ட இருந்து எதையாவது எடுத்துக்கும்" என்றாள் எயினி.

"சரிக்கா."

சரி என்று சொன்னால் கேட்டுவிடுமா? தன் முகத்தைத் தானே பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை! உச்சி வெயிலில் எயினி உளியைத் தட்டிய நேரம், தேவாங்கு மெல்ல எதிரே வந்து உட்கார்ந்தது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தது. ஆனால் விரலிடுக்கில் பார்த்துவிட்டது.

காற்று நின்றது. கல்லின் கண் திறந்தது. தேவாங்கைப் பார்த்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

"அக்கா! என்னால கண்ணை மூட முடியலையே!" என்று தேவாங்கு அலறியது. அதன் கண்கள் உருண்டு பெரிதாகி, இமை எட்டவே இல்லை. "என் தூக்கத்தை எடுத்துக்கிச்சு. உடைச்சிடுக்கா! தூங்காம நான் எப்படிப் பிழைப்பேன்?"

அரசன் தன் தலையை எடுத்தாலும் எடுக்கட்டும் என்று எயினி சுத்தியலை ஓங்கினாள்.

"அடிக்காதேக்கா. இப்பத்தான் கண் அசந்தேன்."

அதே குரல். அதே அக்கா. பேசியது கல்.

"அது நான் இல்லைக்கா!" என்று தேவாங்கு அழுதது. "அது நான் இல்லைக்கா" என்று கல்லும் தூக்கத்தில் முனகியது. எயினி கல்லின் மேல் கை வைத்தாள். கோழிக்குஞ்சின் உடம்பு போல வெதுவெதுப்பாக, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. திரும்பித் தேவாங்கைத் தொட்டாள். அத்தனை வெயிலிலும் அது சில்லென்று இருந்தது. ஐயோ, எதை உடைத்தால் எது சாகும்? சுத்தியல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

காவலுக்குக் கேட்டால் கண் மூடிய சிலையா என்று அரசன் கோபமாகத்தான் வந்தான். மூச்சுவிடும் கல்லின் மேல் கை வைத்துப் பார்த்தான். "சத்தம் போடாமல் வாசலுக்கு மேலே தூக்கி வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று முதல்தான் அந்த மலைநாட்டு இலச்சினையில் தேவாங்கு கண்ணை மூடியிருக்கிறது. மரத்துத் தேவாங்கோ ராவெல்லாம் விழித்திருந்து, ஆளைக் கண்டால் முகத்தைப் பொத்திக்கொள்கிறது. "ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிறே?" என்று நாமும் கேட்டுச் சிரிக்கிறோம். அந்தக் கோட்டை வாசலில் மட்டும் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. மேலே இருப்பது எழுந்துவிட்டால், அடுத்து யாருடைய தூக்கத்தைக் கேட்குமோ!