உளுந்து முளைத்த காலடிகள்

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணாவல் நாட்டைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வீரத்தில் குறைவில்லை, சந்தேகத்திலோ கொஞ்சமும் குறைவில்லை. பால் ஏன் இத்தனை வெள்ளையாக இருக்கிறது என்று கேட்பார். குதிரையிலிருந்து விழுந்ததில் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அதற்கும் யாரோ குதிரைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நம்பினார்.

ஒரு வருஷம் கோமாரி வந்து உழவு மாடுகள் பாதி செத்தன. மிச்சமிருந்தவை எழுந்து நிற்கவே தள்ளாடின. நெல் அறுத்தாயிற்று, அடுத்த வெள்ளாமைக்கு ஏர் பூட்ட வழியில்லை.

மந்திரி பூதியார் சொன்னார்: "உழ வேண்டாம் மகாராஜா. அறுத்த வயலில் ஈரம் இருக்கிறது. அப்படியே உளுந்தை விதைத்துவிடலாம்."

முதலில் அரண்மனை வயலில் விதைத்துப் பார்த்தார்கள். ஒரு முளைகூட வரவில்லை.

மந்திரி பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஏகவீரன் என்ற பிரதானி, ராஜாவின் காதோரம் குனிந்தான். "விதையை வறுத்துப் போட்டிருப்பார் பிரபு. நாடு பட்டினி கிடந்தால் பக்கத்து ராஜாவுக்குத்தானே கொண்டாட்டம்?"

ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் விடியலில், பனிமூட்டத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று வெறுங்காலோடு, தனியாக வயலுக்குப் போனார். இப்படியும் அப்படியுமாக நடந்தார். அறுப்பில் சிதறிய வைக்கோல்மேல் கிடந்த உளுந்தை எடுத்துக் கடித்தார். வறுத்ததில்லை, பச்சைதான். 'அப்படியானால் வேறென்ன செய்திருப்பார்?' என்று சந்தேகம் கூடித்தான் திரும்பினார்.

சில நாள் கழித்துக் காவல்காரன் ஓடிவந்தான். "மகாராஜா! வயலில் யாரோ நடந்த தடம். அதில் மட்டும் பச்சைப்பசேலென்று முளைத்திருக்கிறது!"

சபையே வயலுக்குப் போனது. வலது பக்கம் பாதம் பாதமாகக் கொத்து முளை. இடது பக்கம் கோடு கோடாக முளை. ராஜா தம் இடது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஏகவீரன் துள்ளினான். "சூனியம் வைக்க வந்தவன் தடம் பிரபு! இந்தக் காலுக்கு உரியவனும், அவனை அனுப்பிய மந்திரியும் கழுவேற வேண்டும்!"

"உரியவன் எவனாக இருந்தாலுமா?" என்று கேட்டார் ராஜா.

"எவனாக இருந்தாலும்!"

பூதியார் குனிந்தார். தடத்துக்கு வெளியே விதை வைக்கோல்மேல் உலர்ந்து கிடந்தது. தடத்துக்குள் சேற்றில் பதிந்து வேர் பிடித்திருந்தது. இழுபட்ட கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி ராஜாவைப் பார்த்தார். 'கண்டுகொண்டாரோ' என்று ராஜாவுக்கு வியர்த்தது.

"தப்பு என்மேல்தான் மகாராஜா. உழாமல் விதைக்கலாம் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. விதை வைக்கோலில் தங்கினால் மண் அதைத் தொடாது, ஈரம் ஏறாது என்பது தெரியவில்லை. இந்த இடது கால் வைக்கோலை விலக்கியிருக்கிறது. வலது கால் விதையை மண்ணோடு அழுத்தியிருக்கிறது. கழுவேற்றுகிற கால்களா இவை? பட்டுத்துணியால் துடைக்க வேண்டிய கால்கள்!"

"சூனியக்காரன் காலுக்குப் பட்டுத்துணியா?" என்று சிரித்தான் ஏகவீரன்.

"பிரதானியே நடந்து பார்க்கட்டும். அவர் மிதித்த இடத்திலும் முளைத்தால், சூனியமா மண்ணா என்று தெரிந்துவிடும்."

ராஜா முந்திக்கொண்டார். "செருப்பைக் கழற்று ஏகவீரா!"

சரிகைச் செருப்பைக் கழற்றிவிட்டு, வைக்கோலை ஒதுக்கி ஒதுக்கி, முழங்கால் வரைக்கும் சேற்றோடு அவன் ஒரு பாத்தி முழுவதும் மிதித்தான். சில நாளில் அந்தப் பாத்தியும் முளைத்தது.

"இப்போது யாரைக் கழுவேற்றலாம்?" என்றார் ராஜா. நாட்டு வயலெல்லாம் இப்படியே மிதிக்க உத்தரவாயிற்று. முன்னால் நின்று மிதிக்கும் வேலை ஏகவீரனுக்கு. பூதியாருக்கு முத்துமாலை.

மாலையைத் தானே போட்டுவிட்டு ராஜா மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தடம் யாருடையது, உமக்குத் தெரியுமா?"

"தெரியாது மகாராஜா."

"நிஜமாகவா?"

"அது தெரிந்தால், இத்தனை வருஷம் உங்கள் உப்பைத் தின்ற என்னை வேவு பார்த்தவர் யார் என்பதும் தெரிந்துபோகும். அது எனக்கு வேண்டாம்."

"நான்தான்" என்றார் ராஜா.

அந்த வருஷம் நாட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ராஜாவுக்குச் சந்தேகமும் விட்டுப்போகவில்லை. ஆனால் ஒன்று: சந்தேகம் வந்தால் நேரே பூதியாரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்.