மடியில் கிடப்பவனுக்குப் பாட்டு

தங்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எஸ்தர் டீச்சர் நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், அவர் வீட்டு வாசலுக்கும் வாய்க்கால் கரைக்குமாகக் காலில் சக்கரம் கட்டின மாதிரி அலைந்துகொண்டிருந்தான். தலை நரைத்த இசையமைப்பாளன்தான். என்ன செய்ய, முதன்முதலில் வயலினைக் கையில் கொடுத்தவர் முன்னால் வந்துவிட்டால் எவனும் பையன்தான்.

"நாளைக்கு அரங்கேற்றம் டீச்சர். பியூலா தன் பேரையே எடுத்துடச் சொல்லுதா."

பியூலா அவன் மனைவி. முழுக்கப் பாடியே நடக்கிற ஓபரா ஒன்றுக்கு அவள் வார்த்தை எழுத, இவன் இசை போட்டிருந்தான். வருஷக்கணக்கான உழைப்பு. நேற்று ஒத்திகை முடிந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"என்னவாம் அவளுக்கு?"

"கடைசிக் காட்சி. ஆத்துல மூழ்கிச் செத்த மகனை மடியில போட்டுக்கிட்டு அம்மா பாடணும். என் வயலின் சத்தத்துல அவ எழுதினது ஒரு வார்த்தைகூட விளங்கலையாம். இசையைக் குறைச்சா காட்சியே படுத்துரும் டீச்சர். நீங்களே சொல்லுங்க, வார்த்தை பெருசா, இசை பெருசா?"

டீச்சர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைக்குள் நின்ற தன் தங்கையைப் பார்த்து வாயருகே கையைக் குவித்தார்.

"ஏ... சாராஆஆ..."

பேர் நீண்டு, மேலே ஏறி, வளைந்து இறங்கியது. தங்கையாவின் விரல்கள் தாமாகவே அந்தச் சுரத்தைத் தேடின.

சாரா பாலத்தைச் சுற்றி வந்து சேர்ந்தார். டீச்சர் அவர் காதோரம் என்னவோ முணுமுணுத்தார். சாரா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

"என்ன சொன்னீங்க?"

"காப்பி போடச் சொன்னேன். வந்தவன் கொதிச்சுப்போய் நிக்கான், சீனி கூடப் போடுன்னேன்."

"அதை இங்க இருந்தே சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு தூரத்துக்குப் பேரு மட்டுந்தான்ல போய்ச் சேரும். சேதி சொல்ல ஆளு பக்கத்துல வரணும்."

"பக்கத்துல வந்ததும் ஏன் இழுத்துப் பாடல?"

"ஒனக்கு என்ன கிறுக்கா? காதுகிட்ட நிக்கா, எதுக்குப் பாடணும்?"

தங்கையாவின் முகம் விழுந்துவிட்டது. ஆக, பியூலா சொன்னதுதான் சரி. மகன் மடியில் கிடக்கிறான், அதைவிடப் பக்கம் ஏது? ராப்பகலாக எழுதின அத்தனை வயலினும் வீண். ஆனாலும் பியூலா இனி தன் பேரை எடுக்கச் சொல்லமாட்டாள், அவனோடு பேசவும் செய்வாள்.

"விளங்கிட்டு டீச்சர். இசையை மொத்தமா எடுத்துடுதேன். அந்த அம்மா சும்மா பேசட்டும்." செருப்பில் காலை நுழைத்தான்.

"காப்பி குடிச்சிட்டுப் போ."

"நேரமில்ல டீச்சர். வாசிக்கிறவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ," என்றார் டீச்சர். "மடியில செத்துக் கெடக்கானே அந்தப் பய, அவன் அவளுக்கு எவ்வளவு தூரத்துல இருக்கான்?"

தங்கையா ஒற்றைக் காலில் செருப்போடு அப்படியே நின்றான். பிறகு அதையும் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.