பொறுப்பாளர் பேரு

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ்ங்கற இலவச மென்பொருளைத் தயார் பண்ற ஆபீஸ் அது. அதுல புதுசா வந்த முகப்புத்திரை மென்பொருளைத் தொகுத்து, சோதிச்சு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புறது தற்காலிக ஊழியர் நசீமாவோட வேலை.

"சோதனையெல்லாம் வேணாம். இன்னைக்கே போகணும், இல்லேன்னா நாளைக்கு நீ வராதே," ன்னாரு டைரக்டர் தணிகாசலம். "பொறுப்பாளர்ங்கற இடத்துல உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு."

சோதிக்காம அனுப்பி அது ஓடலேன்னா, கறுத்த திரையைப் பார்த்துக்கிட்டு எத்தனை பிள்ளைங்க உக்காந்திருக்கும்னு நசீமா யோசிச்சா. அவர் சொன்னபடி பேரைப் போட்டா.

"உங்க மெயிலும் போட்டாச்சு சார். ஏதாவது கோளாறுன்னா எட்டாயிரம் பள்ளிக்கூடத்துப் புகாரும் பொறுப்பாளருக்குத்தான் நேரா வரும். அனுப்பிடட்டுங்களா?"

"இரும்மா, இரு!" டைரக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "சோதிக்க எத்தனை நாள் கேட்டே?"

"பத்து நாள் சார்."

"பதினஞ்சா எடுத்துக்கோ. உன் பேரே இருக்கட்டும்."