கணக்கில் வராத ஓட்டங்கள்

பாரந்தூக்கியின் கம்பிவடம் அறுந்த அந்தச் சத்தம் பால்வண்ணனுக்கு இன்னும் காதில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில், தூத்துக்குடித் துறைமுக வாசலில் தூக்குச் சட்டியோடு நின்றபோது கேட்டது. முதலில் ஒரு விம்மல்போல. பிறகு ஒன்றுமில்லை. அப்பா அங்கே சுமை தூக்கியவர். அன்று அவர் சாப்பிட வரவில்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சுமைப் பணியாளர் சங்கத்தின் ஓய்வு நிதியைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பணம். அதைப் பங்குச் சந்தையில் வளர்க்க ஒரு கணினி நிரல் எழுத வேண்டுமென்று, அறுபத்தோரு வயதில், கணினி கற்றுத்தரும் ரெஜினா பர்னாந்திடம் படிக்கப் போனார். ரெஜினாவுக்கு வயது நாற்பது.

நாய்க்குட்டியைப் பழக்குவதுபோலத்தான். கணினிக்குள் பொய்யாக ஒரு சந்தை. நிரல் வாங்கும், விற்கும். லாபம் வந்தால் மதிப்பெண் ஏறும், நட்டம் வந்தால் இறங்கும். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒருமுறை போனால் அது ஓர் ஓட்டம். ஓடி ஓடித் தானே கற்றுக்கொள்ளும்.

அன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். ஒப்புதல் கிடைத்தால் மறுநாள் முழு நிதியும் நிரலின் கையில். மதியம் ரெஜினாவின் முன் கணினியைத் திறந்துவைத்தார்.

“வருஷத்துக்கு இருபத்திரண்டு சதவீதம் மேடம். சராசரி.”

“கோட்டு போட்டுட்டு வந்திருக்கலாமே சார்.”

“வேட்டியே போதும். வாழ்த்துங்க.”

“மொத்தம் எத்தனை ஓட்டம்?”

“பத்தாயிரம். ஒவ்வொண்ணும் பத்து வருஷம்.”

“சராசரி எடுத்தது எத்தனைக்கு?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். “ஒன்பதாயிரத்து அறுநூறு.”

“மீதி நானூறு?”

“அதெல்லாம் பத்து வருஷம் முடிக்கல மேடம். பாதியில நின்னுட்டுது. அரைகுறையைச் சேர்த்தா சராசரி கெட்டுப்போகும்னு எடுத்துட்டேன்.”

“ஏன் நின்னுச்சு?”

பால்வண்ணன் அந்த நானூறில் ஒன்றைத் திறந்தார். நான்காம் வருடம், கையிருப்பு பூஜ்யம். இன்னொன்று. பூஜ்யம். ஏழாவதும் பூஜ்யம்.

“பணம் தீர்ந்துபோயிருக்கு,” என்றார்.

ரெஜினா, அவர் கொண்டுவந்திருந்த சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

“நூத்துக்கு நாலுதானே மேடம். சேர்த்துப் போட்டாலும் சராசரி நல்லாத்தான் வரும்.”

“அந்த நாலுல ஒண்ணு வந்தா எத்தனை பேரோட பணம் போகும்?”

“முந்நூத்திப் பன்னிரண்டு பேரோடதும்.”

ரெஜினா எட்டி ஒரு விசையை அழுத்தினார். பூஜ்யத்தில் கிடந்த ஓட்டம், முழுப் பணத்தோடு முதல் நாளிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு உறுப்பினர் பட்டியலை அவர் பக்கம் தள்ளினார்.

“இதுல அந்த பட்டன் எங்க இருக்குன்னு காட்டுங்க சார்.”

பட்டியலின் முதல் பெயர் சுடலைமுத்து. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். பால்வண்ணன் அதற்குக் கீழே படிக்கவில்லை. சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்று ஒப்புதல் கேட்க வேண்டாம் என்றார்.

“சங்கத்துல சிரிப்பானுவ மேடம்.”

“சிரிக்கட்டும். நூறு ஓட்டத்துல ரொம்ப மோசமான அஞ்சை வச்சு மட்டும் மதிப்பெண் போடுங்க. அதுல பிழைக்கக் கத்துக்கிட்டா கொண்டுவாங்க.”

“லாபம் எட்டு சதவீதத்துக்கு இறங்கிடுமே.”

“இறங்கட்டும்.”

அவர் எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

“விட்டுப்போனதைக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“எங்கண்ணன் சேவியோவும் பங்குச் சந்தையிலதான் இருந்தான். அவன்கூடத் தொழில் பண்ணவங்க வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு விருந்து வைப்பாங்க. என்னையும் கூப்பிடுவாங்க, போவேன். வர்ற எல்லாருமே நல்லா இருக்காங்க சார்.”

பால்வண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

சந்தையில் எல்லாப் பணமும் போய், சேவியோ இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்போது அவனுக்கு வயது முப்பத்து நான்கு.