பின்னால் நீளும் கை

"டீச்சர், அந்த 'ஐ' மட்டும் வாயில வரவே மாட்டேங்குது," என்றார் மாயழகு.

நாற்பத்து மூன்று வயதுக் கொத்தனார். நாளை மறுநாள் சிங்கப்பூர் வேலைக்கு நேர்காணல். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ் சொல்லித்தரும் நிலோபர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"உங்க வேலை என்னண்ணே? சொல்லுங்க."

"வீ பில்ட் வால்."

"வந்திருக்கிறது எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப ஒருமை. ஐ."

"ஒருத்தனா எவன் டீச்சர் சுவரு கட்டுவான்? ஒரு கை தட்டுனா ஓசை வருமா?"

நிலோபருக்குக் கோபம் வந்துவிட்டது. இதே பாடத்துக்கு இது பதினோராவது நாள். வகுப்புக்குப் பின்புறம் இடிந்து கிடந்த சுவரைக் காட்டினாள்.

"நாளைக்குக் காலைல தனியா வந்து கட்டுங்க. 'ஐ' தானா வரும்."

வந்தார். கலவையை அவரே குழைத்தார். செங்கலை அவரே வாளித் தண்ணீரில் நனைத்து வைத்தார். மட்டம் பார்க்கக் கட்டிய நூலைப் பார்த்தபடியே இடது கையைப் பின்னால் நீட்டினார்.

கை வெறுமனே நின்றது.

திரும்பிப் பார்த்தார். அசட்டுச் சிரிப்பு. எழுந்துபோய்க் கல்லை எடுத்துவந்தார்.

அடுத்த கல்லுக்கும் கை பின்னால்தான் போனது. அதற்கடுத்த கல்லுக்கும்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள் நிலோபர்.

"சின்னப்பொண்ணை. எம் பொஞ்சாதி. பத்தொம்பது வருசமா அவதான் சித்தாளு. கேக்கவே வேணாம், நனைச்ச கல்லு கைக்கு வந்துரும்."

"கட்டுறது நீங்கதானே?"

"அதான் டீச்சர் குழப்பமா இருக்கு. எம் வேலை எங்க முடியுது, அவ வேலை எங்க ஆரம்பிக்குதுனு எனக்கே தெரியல."

நிலோபருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நாளை நேர்காணலில் கேட்பார்களே.

"சிங்கப்பூருக்கு யாருண்ணே போறா? ரெண்டு பேருமா?"

கரண்டி நின்றது. மாயழகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐ," என்றார்.

"பாருங்க, வந்துருச்சு!"

அவர் சிரிக்கவில்லை. கலவையை அள்ளிப் பரப்பினார். கை மறுபடியும் பின்னால் நீண்டது.

மனசு கேட்காமல் நிலோபர் எழுந்தாள். ஓரத்துக் குவியலிலிருந்து காய்ந்த செங்கல் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

மாயழகு திரும்பவே இல்லை.

"என்ன புள்ள," என்றார், "இன்னைக்கு நனைக்காம குடுக்குற?"